என் கணக்கில் பூக்காரம்மாவின் பணம்

என் கடை மின்னஞ்சலுக்கு வருவதெல்லாம் அடுத்தவர் காகிதம்தான். ஆதார், ஹால் டிக்கெட், வாடகை ஒப்பந்தம், யாருடைய ஜாதகமோ. வந்ததைத் திறந்து அச்சடித்துக் கவுண்டரில் வைத்து, யாருடையது என்று கேட்பேன். அன்றைக்கும் அப்படித்தான் நான்கு பக்கம் அச்சடித்துவிட்டு, "ஜிஎஸ்டி நோட்டீஸ் யாருது? நாலு பக்கம், இருபது ரூபாய்" என்றேன். கடையில் நின்ற மூன்று பேரும் தங்களுடையது இல்லை என்றார்கள். ஒருவர் பயந்து ஓரடி பின்னாலேயே போய்விட்டார். திருப்பிப் பார்த்தால் என் பெயர், மாட வீதியில் என் கடை முகவரி.

நோட்டீஸ் சொன்னது இவ்வளவுதான். போன நிதியாண்டில் என் கடைக் கணக்குக்கு இருபத்தொரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் ரூபாய் வந்திருக்கிறது. என் மாதிரித் தொழிலில் வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்து வரி கட்ட வேண்டும். அதற்கு முந்தைய வருடமே நான் தாண்டிவிட்டேனாம், பதிவும் செய்யவில்லையாம். ஆகவே முழுத் தொகைக்கும் பதினெட்டு சதவீதம், மூன்று லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து இருநூறு ரூபாய். வட்டியும் அபராதமும் தனி. முப்பது நாளுக்குள் பதில் சொல்லி, குறித்த தேதியில் விசாரணைக்கும் வர வேண்டும். இரண்டு ஜெராக்ஸ் மெஷினையும் விற்று, கடைக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கினாலும் அந்தத் தொகை வராது. கட்டுவதென்றால் கடையை மூட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு இரண்டு காதும் கொதித்தன. பதினெட்டு வருடம் சாந்தோம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். சம்பளத்தை மாதா மாதம் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வந்தபோது, போங்கடா என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பி.எஃப். பணத்தில் இந்தக் கடையைப் போட்டேன். தெருவில் இன்னும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். லாபம், நட்டம், தனிவட்டி என்று வருடா வருடம் போர்டில் எழுதிப் போட்டவளுக்கு நோட்டீஸ். அதுவும் என்னுடையதே இல்லாத பணத்துக்கு.

அதில் பன்னிரண்டு லட்சம்தான் என்னுடையது. மிச்சம் ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம், என் கடை வாசலில் உட்கார்ந்து பூ விற்கிற அம்மாவுடையது. எங்கள் தெருவில் இது சாதாரணம். போனில் பணம் வாங்க வசதி இல்லாதவர், பக்கத்துக் கடைக்காரரின் கியூஆர் அட்டையை ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தன் கூடையில் குத்தி வைத்துக்கொள்வார். சாயங்காலம் கடைக்காரர் கணக்குப் பார்த்து ரொக்கமாகக் கொடுத்துவிடுவார். பூக்காரம்மாவுக்கு நான் கொடுத்தேன். அட்டைக்கு ஜெராக்ஸ் காசுகூட வாங்கவில்லை.

அவளுக்கு வங்கிக் கணக்கு இல்லாமல் இல்லை. அரசாங்கம் பெண்களுக்கு மாதா மாதம் போடும் ஆயிரம் ரூபாய் அதில்தான் வருகிறது. "அதுல வேற துட்டு வந்தா, இவளுக்குதான் வசதி கீதேன்னு அந்த ஆயிரத்த நிறுத்திடுவான் டீச்சர்" என்று அவளுக்குப் பயம். ஆகவே என் கணக்கு. என் கடைக்குள் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று கத்தும். அவள் வெளியே மல்லிகையை அளந்து கொடுப்பாள். ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு நோட்டில் தேதி, தொகை எழுதுவேன், அவள் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுவாள். நான்கு வருடமாக இப்படி. இதில் தப்பு இருக்கிறது என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர் நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று எனக்கு நினைவில்லை. "பேசாம கடையை மூடிடு. பிரச்சனை அடங்கினதும் என் பேர்ல திறக்கலாம்."

"எதுக்கு உங்க பேர்ல?"

"உனக்கு இந்த விவரமெல்லாம் பத்தல."

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகச் சாப்பிட்டேன். அவர் பெயரில் திறப்பதற்கா நான் பி.எஃப். பணத்தைக் கொட்டினேன்? மறுநாள் காலை தி.நகரில் ஓர் ஆடிட்டரைப் பார்க்கப் போனேன்.

ஆடிட்டர் நல்ல மனிதர்தான். காபி கொடுத்தார். கொடுத்துவிட்டு எளிய வழி ஒன்று சொன்னார். "பூவுக்கு வரி கிடையாதும்மா. அந்தப் பூ வியாபாரமும் உங்களோடதுன்னு ஒத்துண்டுடுங்கோ. உங்க பன்னெண்டு லட்சத்துக்கு மட்டும் வரி. ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரத்தோட போயிடும். வட்டியைத் தவணையில கட்டிக்கலாம்."

"பூ வியாபாரம் என்னோடது இல்லையே சார்."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவாளுக்குக் காகிதம்தானே தெரியும்? அந்தம்மா வந்து பணம் என்னோடதுன்னு கையெழுத்துப் போடுவாளா? போட்டாலும், முதல் யாரோடதுன்னு கேப்பா. நீங்கதான் குடுத்தேள்னு ஒரு வார்த்தை வந்துட்டா, வியாபாரம் உங்களோடதுதான். எதுக்கு மல்லுக்கட்டிண்டு நிக்கறேள்?"

அவர் கணக்கு தப்பில்லை. ஆனால் என் பன்னிரண்டு லட்சத்துக்கு நான் வரி கட்டத் தேவையே இல்லை. இல்லாத ஒன்றை ஒத்துக்கொண்டு, இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் அழுதுவிட்டு, அதற்கு ஒரு நன்றியும் சொல்லிவிட்டு வர வேண்டும். அது மட்டும் இல்லை. காலை மூன்று மணிக்கு எழுந்து, பெரும்பாக்கத்திலிருந்து கோயம்பேட்டுக்குப் போய்ப் பூ எடுத்து, நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து ஒருத்தி விற்றதை, நான் விற்றதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எனக்கு அது வாயில் வரவில்லை. "நான் அந்தம்மாவைக் கூட்டிட்டு வரேன் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

கூட்டிக்கொண்டு வருவதாவது! விஷயத்தைச் சொன்னதும் பூக்காரம்மா கையிலிருந்த நாரைக் கீழே போட்டாள்.

"கையெயுத்தா? அதெல்லாம் வோணாம் டீச்சர். ஒம்போது லட்சம்னு எம் பேர்ல எய்தினா இன்னா ஆவும்? ஆயிரம் ரூவா நின்னுடும். ரேசன் கார்ட புடுங்கிக்குவான். ஆத்தங்கரைலேர்ந்து தூக்கி பெரும்பாக்கத்துல கொண்டும் போயி போட்டானே ஒரு கவருமெண்டு வூடு, அதயும் வாங்கிக்குவான்."

"அப்போ என் கடை போகட்டுமா?"

"நீ படிச்சவ. எப்டியாச்சும் பொயச்சிக்குவே. நான் இன்னா பண்ணுவேன், சொல்லு."

"உன் பணத்துக்கு நான் வரி கட்டணுமா? நாலு வருஷமா ஒரு பைசா கமிஷன் வாங்கினேனா உன்கிட்ட?"

"நானா உன்ன கெஞ்சினேன்? நீதான் அட்டய குடுத்தே."

அதுவும் உண்மைதான். உண்மையாக இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. நான் என்னென்னவோ பேசினேன், அவளும் விடவில்லை. சுற்றிலும் நான்கு பேர் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் கூடையில் குத்தியிருந்த அட்டையைப் பிய்த்து என் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் ரொக்கம் மட்டும் வாங்கினாள். கோயிலுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் ரொக்கம் இல்லை. விலை கேட்டார்கள், போனை நீட்டினார்கள், நகர்ந்தார்கள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் மதியம், விற்காத பூவைக் கூடையோடு தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோன்னு சொன்னே அன்னிக்கு?"

"ஒன்பது லட்சத்துத் தொண்ணூறாயிரம்."

"அவ்ளோ துட்டு நானா வித்தேன்?" கூடையைக் கீழே இறக்கினாள். "எங்க போச்சு அது? நீ எதுனா அமுக்கிக்கினியா?"

எனக்குச் சுரீர் என்றது. கணக்கு நோட்டுகளை எடுத்து அவள் மடியில் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும் அவள் எழுத்து இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோச்சிக்காத. எனுக்குத் தெரியணும். எங்க போச்சுன்னு போட்டுப் பாரு" என்றாள்.

மெஷினில் சிக்கிக் கசங்கிய ஒரு தாளை எடுத்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தேன். ஒரு நாளுக்குச் சராசரி விற்பனை மூவாயிரம். பூ எடுக்க ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஷேர் ஆட்டோ, பஸ், கூடைக்கு லக்கேஜ் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது. நார், வாழை இலை, ஐஸ் அறுபது. வாடிப்போய்க் கொட்டுவது இருநூறு. உட்கார இடம் விட்டதற்குத் தெருவில் ஒருவன் வாங்கிக்கொண்டு போவது ஐம்பது.

"அப்பறம் தண்டல்காரனுக்கு இருநூறு" என்றாள்.

"அது எதுக்கு?"

"காலைல கோயம்பேட்டு கேட்டாண்ட ஆயிரத்தி எட்நூறு குடுப்பான். பொயுது சாய வண்டில வருவான், ரெண்டாயிரமா குடுத்துடணும். அத்த வெச்சிதான பூவே எடுக்கறேன்."

"எத்தனை வருஷமா?"

"எம்பொண்ணு கல்யாணத்துலேர்ந்து. பதினோரு வருசம் ஆவுது."

எழுதினேன். எல்லாம் போக ஒரு நாளுக்கு நானூற்று நாற்பது. அவள் வேலை செய்தது முந்நூற்று முப்பது நாள். வருடத்துக்கு ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரத்து இருநூறு. "இதான் உன் வருமானம். ஆயிரம் ரூபாய்க்கு இருக்கிற வரம்பு இதை விட ரொம்ப மேல. யாரும் எதையும் நிறுத்த முடியாது" என்றேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். கை தன்பாட்டுக்கு அடுத்த வரியையும் பெருக்கிவிட்டது. இருநூறு, முந்நூற்று முப்பது. அறுபத்தாறாயிரம்.

"இன்னா அது?"

"தண்டல்காரனுக்கு நீ வருஷத்துக்குக் குடுக்கிறது."

"அறுவத்தாறாயிரமா? ஆயிரத்தி எட்நூறுக்கா?"

ஆமாம். அதே ஆயிரத்து எண்ணூறு. காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போய், மறுநாள் காலையில் மறுபடி வருகிற அதே பணம். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள், திருப்பிக் கொடுத்தாள், மறுபடி வாங்கினாள். எனக்கோ என் மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருடமாகத் தினமும் மூவாயிரத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தவள் நான். பிள்ளைகளுக்குத் தனிவட்டி சொல்லிக் கொடுத்தவள். அது எங்கே போகிறது என்று ஒரே ஒரு சாயங்காலம் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கல்லாவைத் திறந்து ஆயிரத்து எண்ணூறை எடுத்து நீட்டினேன். "இதை வச்சு நாளைக்குப் பூ எடு. அவன்கிட்ட வாங்காதே. முடியறப்போ திருப்பிக் குடு."

"வோணாம்."

"என்ன வீம்பு இது?"

"உன்கிட்ட வாங்கினா நீ திருப்பிக் கேக்க மாட்டே. கேக்காத துட்ட நான் குடுக்க மாட்டேன். எனுக்கு என்னப் பத்தித் தெரியும்." கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "ஒரு நாளைக்கு எரநூறு எடுத்து வெச்சா, ஆயிரத்தி எட்நூறுக்கு எத்தினி நாளு?"

"ஒன்பது."

"ஒம்போது நாளு வூட்ல ரசஞ்சோறு. செத்தா பூடுவோம்? நீ எய்து. நான் போடறேன் கையெயுத்து."

அட்டையை மறுபடி கூடையில் குத்திக்கொண்டு போய் உட்கார்ந்தாள். விசாரணைக்கு அப்போது பத்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் நான் எண்ணிக் கொடுத்ததிலிருந்து இருநூறை எடுத்துத் தனியாக ஒரு மஞ்சள் பைக்குள் போட்டாள். தண்டல்காரனுக்கும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். நானூற்று நாற்பதில் அவள் வீட்டுக்குப் போனது இருநூற்று நாற்பது. சேர்க்க ஆரம்பித்த மூன்றாம் நாள் பேரனுக்குக் காய்ச்சல் என்று அந்தப் பைக்குள் கையை விட்டவள், வெறுங்கையாகவே வெளியே எடுத்துவிட்டு, அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

பிரமாணப் பத்திரம் அடிக்கச் சைதாப்பேட்டை கோர்ட்டுப் பக்கம் போனோம். ஆடிட்டர் மனசு கேட்காமல் ஒரு வாசகம் தயார் செய்து போனில் அனுப்பியிருந்தார். டைப் அடிப்பவர் அதைப் பார்த்து முத்திரைத்தாளில் அடித்து, நோட்டரி வக்கீலிடம் போவதற்கு முன் ஒரு முறை வாசித்தார். "மேற்படி கடை வாசலில், கடை உரிமையாளரின் உதவியாளராகப் பூ விற்று வரும் நான்..."

"நில்லு" என்றாள் பூக்காரம்மா. "யாருக்கு ஒதவி?"

"அது ஒரு வார்த்தைம்மா. இவங்க அக்கவுண்ட்ல பணம் வந்ததுக்கு ஒரு காரணம் வேணும்ல?" என்றார் டைப் அடிப்பவர்.

"இவளுக்கு நான் இன்னா ஒதவி பண்ணேன்? நான்தான் இவளுக்கு நோட்டீசு வர வெச்சேன். யாவாரம் என்னுது. அப்டியே அடி."

முத்திரைத்தாள் வீணாகும், மறுபடி காசு ஆகும் என்றார் அவர். நான் பணத்தை எடுத்து வைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு இன்னும் நான்கு தாள் வீணானாலும் கொடுத்திருப்பேன். இரண்டாவது தாளில் "சொந்தமாகப் பூ வியாபாரம் செய்து வரும் நான்" என்று இருந்தது. அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் அவள் பெயர் எழுதினாள்.

விசாரணைக்கு ஆடிட்டர் வரவில்லை. அவர் சொன்ன வழியில் நான் போகாததில் அவருக்கு வருத்தம். என் கணவர் லீவு போட்டு வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் அன்றைக்கும் விடியற்காலையில் கோயம்பேடு போய்ப் பூ எடுத்து, பக்கத்தில் மாலை கட்டுகிற அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள். நோட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், பத்திரம் எல்லாம் பஸ்ஸில் என் மடியில் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட முடியும் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி இளவயதுப் பெண். நோட்டுகளைப் பொறுமையாகப் புரட்டினார். ஏழெட்டுத் தேதிகளை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். என்னைப் பார்க்காமல், பூக்காரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"பூ வாங்க முதல் யார் தர்றாங்க? இவங்களா?"

"இல்ல மேடம்."

"ஒரு தடவைகூடக் குடுத்ததில்லையா?"

"குடுக்க வந்தாங்க. நான் வாங்கல."

அன்றைக்கு அவள் அந்த ஆயிரத்து எண்ணூறை வாங்கியிருந்தால், இந்தக் கேள்விக்கு வேறு பதில்தான் இருந்திருக்கும். இரக்கப்பட்டு நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அவள் வீம்பு பிடித்ததால் நான் தப்பித்தேன்.

"அப்போ யாரோட பணம்?"

"முந்தி வட்டிக்கு வாங்கினு இருந்தேன். பதினோரு வருசம். இன்னிக்குக் காலைல வாங்கல. என் துட்டுல எடுத்தேன்." தண்டல்காரன் கோயம்பேட்டு கேட் அருகே பணத்தை நீட்டிக்கொண்டு நின்றதையும், அவள் நிற்காமல் உள்ளே போனதையும் அவள் அங்கே சொல்லவில்லை. என்னிடம் பஸ்ஸில் இரண்டு முறை சொல்லியிருந்தாள்.

அதிகாரி எதையோ எழுதினார். பிறகு என்னிடம், "இந்தத் தொகையை உங்க கணக்கிலேர்ந்து கழிச்சிடறேன். முந்தின வருஷத்துக்கும் இதே மாதிரிதான். ரெண்டு வருஷமுமே நீங்க வரம்புக்குக் கீழதான் வர்றீங்க. ஆர்டர் வரும். இனிமே அட்டையை யாருக்கும் குடுக்காதீங்க" என்றார். நான் சரி என்றேன். நோட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

பூக்காரம்மா எழுந்திருக்கவில்லை.

"இவங்க கணக்குலேர்ந்து கயிச்சிட்டே. அத்த எங்க எய்துவே?"

"எங்கயும் எழுத வேண்டாம்மா. பூவுக்கு வரி இல்ல. உங்களுக்கு ஒண்ணும் வராது, பயப்படாம போங்க."

"வரி இல்லன்னா போவுது. எம் பேர்ல எய்து மேடம். ஒம்போது லட்சத்தி தொண்ணூறாயிரம். நான் வித்தது."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பூக்காரம்மாவைக் கைகாட்டினேன். அவர் பேனாவை மறுபடி எடுத்து, அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்.